ஒரே கம்பி, மூன்று முகம்

எங்க மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்பிதான் இருந்தது. ஒரு பக்கம் சின்ன வளையம், மறுபக்கம் ஊசி முனை. மாத்தளை டவுனில் ஒரு ஃபேன்சி கடையில் வாங்கியது. நாலந்தாவில், ஏ9 வீதியோரம் நாங்கள் இருந்த வாடகை அறையில், கதவுக்குப் பின்னால் தொங்கிய கண்ணாடிதான் எங்கள் கிளினிக்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசி மகத் தேருக்கு ஒரு கிழமை இருக்கும்போது எங்களில் ஒருத்திக்குக் கன்னத்தில் பெரிய பரு வந்தது. சிவந்து, உள்ளே கட்டியாக, தொட்டாலே வலி. "தேருக்கு முந்தி இத எடுத்துரணும்டி" என்று நின்றாள். ஒருத்தி டோர்ச் பிடிக்க, மற்றவள் வளையத்தால் அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. ஊசியால் குத்தினோம். ரத்தம்தான் வந்தது. மறுநாள் கன்னம் வீங்கிவிட்டது. தேர் போனது, சித்திரை வருசமும் போனது, கறுப்பு அடையாளம் மட்டும் போகவில்லை. அந்த வருசத்துப் படங்கள் எல்லாவற்றிலும் அவள் முடியால் கன்னத்தை மறைத்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

எங்கள் வீதி நெடுக வாசனைத் தோட்டங்கள். முகத்துக்குச் சந்தனக் கிரீம், கற்றாழைக் கிரீம் என்று எல்லாம் கிடைக்கும். ஆனால் எந்தப் பருவைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பிறகுதான் தேடிப் படித்தோம்.

அந்த வளையம் கரும்புள்ளி போன்றவற்றுக்காகச் செய்தது, சிவந்த பருவுக்காக இல்லை. கரும்புள்ளி என்பது வாய் திறந்திருக்கும் துவாரம். அதன் கறுப்பு அழுக்கில்லை. உள்ளே அடைத்த எண்ணெயும் செத்த தோலும் காற்றுப் பட்டுக் கறுத்துப்போனது. சிவந்த பருவுக்கும் ஆழமான கட்டிக்கும் வெளியே வர வழியே இல்லை. அழுத்தினால் உள்ளே இருப்பது இன்னும் ஆழத்துக்குப் போய், தோலுக்கடியில் வெடிக்கும். எங்களைப் போன்ற மாநிறத் தோலில் அந்தப் புண் ஆறினாலும் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் இன்னும் கூடும்.

தோல் வைத்தியர்கள் வீட்டில் பரு எடுக்கவே வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். நாம எல்லாரும் கேட்க மாட்டோம் என்பதும் தெரியும். ஆகவே கரும்புள்ளிக்கு மட்டும் நாங்கள் இப்போது செய்வது இது. முகத்தையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுகிறோம். சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்த துணியை, கை தாங்கும் சூட்டில், பத்து நிமிசம் வைக்கிறோம். கம்பியைக் கழுவி, பாமசியில் வாங்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுகிறோம். புள்ளியைச் சுற்றி வளையத்தை வைத்து மெதுவாக ஒரு அழுத்து. இரண்டு தரத்தில் வரவில்லையென்றால் விட்டுவிடுகிறோம். ஊசி முனையைத் தொடுவதே இல்லை. முடிந்ததும் தண்ணியால் கழுவுகிறோம். தேசிக்காயும் டூத்பேஸ்டும் பூசுவதில்லை, அவை தோலை எரிக்கும்.

மூக்கின் மேற்பகுதியிலிருந்து வாயின் இரண்டு ஓரம் வரை உள்ள முக்கோணத்தில் சீழ்ப் பரு வந்தால் கையே வைக்காதீர்கள். அங்குள்ள ரத்தக் குழாய்களுக்கும் கண்ணுக்குப் பின்னால் உள்ளவற்றுக்கும் தொடர்பு உண்டு. கிருமி அந்த வழியாக உள்ளே போவது மிக அரிது. போனால் உயிருக்கே ஆபத்து. வீக்கம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பரு திரும்பத் திரும்ப வந்தால் அது கம்பியால் தீராது. பென்சாயில் பெராக்சைட், அடாபலின் போன்ற பூச்சு மருந்துகள் உண்டு. பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும். அரச ஆஸ்பத்திரி தோல் கிளினிக்கில் காசில்லாமல் காட்டலாம். "பூசு, ஒரே கிழமையில் வெள்ளையாகும்" என்று யாராவது ஸ்டீரொய்ட் கிரீம் தந்தால் வாங்காதீர்கள். அதுவே பருவைக் கூட்டும்.

இப்போது எங்களிடம் மூன்று கம்பி இருக்கிறது, ஆளுக்கொன்று. ரத்தம் பட்ட ஒரே கம்பியை மூன்று முகத்திலும் வைத்ததை நினைத்தால் இப்பவும் கூசுகிறது. அவள் கன்னத்து அடையாளம் மங்கிவிட்டது, முழுதாகப் போகவில்லை. போன மாசம் இன்னொரு பரு வந்தது. "எடுப்போமா?" என்று கேட்டோம். "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லி, முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.