துருப்பிடித்த போல்ட்டும் அப்பாவின் கைப்பக்குவமும்

'டப்' என்று ஒரு சத்தம். ஸ்பேனரில் மாட்டியிருந்த இரும்புக் குழாய் திடீரென்று லேசாகிவிட்டது. நட்டு கழன்றுவிட்டது என்றுதான் மகன் முதலில் நினைத்தான். குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நட்டோடு சேர்ந்து போல்ட்டின் பாதியும் முறிந்து வந்திருந்தது. மீதிப் பாதி இன்ஜினுக்குள்ளேயே நின்றுவிட்டது.

பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

கோவை சிங்காநல்லூரில் அந்த வீட்டு வாசலில் நிற்பது 1998 மாடல் மாருதி 800. மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பா, சீட்டுப் பணம் எடுத்து வாங்கிய கார். 15 வருடம் முடிந்த பிறகும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வந்தார். இந்த முறை புதுப்பிக்கப் போகும் நேரத்தில்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் புகை கசிய ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' சத்தம், காருக்குள் புகை வாசம். கேஸ்கட் போய்விட்டது. மாற்றினால் முடிந்தது. ஆனால், இத்தனை வருடம் சூட்டிலும் மழையிலும் கிடந்த நட்டுகள் அசைய மறுத்தன.

"எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறட்டும் கண்ணு" என்று வெள்ளிக்கிழமையே அப்பா சொன்னார். மகனுக்கு ஞாயிறு இரவு பெங்களூரு பஸ் பிடிக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் குழாயைச் செருகி முழு பலத்தையும் காட்டிவிட்டான்.

தெரிந்த மெக்கானிக்குக்கு போன் போட்டான். "ஹெட்டைக் கழட்டி லேத்துக்குத்தான் கொண்டுபோகணும் சார். இந்த வண்டிக்கு அவ்வளவு செலவு பண்ணணுமான்னு யோசிச்சுக்கங்க" என்றார் அவர்.

"பேசாம காயலான் கடைக்குப் போட்டுடலாம்மா" என்று சமையலறையில் மகன் சொன்னபோது, அம்மா அப்பாவுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். டம்ளரில் பாதிதான் ஊற்றினார். இரண்டு வருடமாக அப்படித்தான். நிறைய ஊற்றினால் அப்பாவின் கை நடுக்கத்தில் சிந்திவிடும்.

"முப்பது வருஷமா மில்லுல அவர் பார்த்ததே இந்த வேலைதானே... அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டயா?"

மகன் கேட்கவில்லை. கை நடுங்க ஆரம்பித்த பிறகு அந்த வீட்டில் யாருமே அவரிடம் எதையும் கேட்பதில்லை.

காபியை மகனே எடுத்துக்கொண்டு போனான். "அப்பா, இதை வெளிய எடுக்க முடியுங்களா?"

அப்பா கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். "எத்தனை வெளிய நீட்டிட்டு இருக்குது?"

"ரெண்டு மூணு மில்லிமீட்டர் இருக்குமுங்க."

"அது போதும்."

அதன் பிறகு வேலை அப்பா சொன்னபடி நடந்தது. மீதி நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டிவிட்டு, இரவு முழுக்க ஊறவிட்டார்கள். துரு என்பது இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். மரைக்குள் அது ஆப்பு வைத்தது மாதிரி இறுகிக்கொள்ளும். தட்டினால் அதில் விரிசல் விழும், அந்த வழியாக எண்ணெய் இறங்கும். அப்பா சொல்லிக்கொண்டே போனார். மகனுக்கு எல்லாம் புதிதாக இருந்தது.

ஞாயிறு காலை மீதி நட்டுகள் சேதமில்லாமல் வந்தன. "எடுத்ததும் கழட்டாதே. மொதல்ல கொஞ்சூண்டு இறுக்கு, அப்புறம் லூஸ் பண்ணு. முன்னுக்கும் பின்னுக்கும் போய்த்தான் வரும்."

மேனிஃபோல்டைக் கழற்றியதும் முறிந்த துண்டு தெரிந்தது. ஓட்டை போட்டு 'ஈஸி அவுட்' வைத்து எடுக்கலாமா என்று மகன் கேட்டான். அப்பா தலையாட்டி மறுத்தார். அது கடினமான இரும்பு. உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் ஏறாது.

அடுத்த தெருவில் கிரில் பட்டறை வைத்திருப்பவர், வெல்டிங் மெஷினை டி.வி.எஸ். எக்ஸெல்லில் வைத்துக் கொண்டுவந்தார். அப்பா பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னார். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கச் சொன்னார். ஒரு வாளி மணல் பக்கத்தில் வந்தது. முறிந்த துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டை வழியாக வெல்டிங் வைத்தார்கள். இன்ஜின் ஹெட் அலுமினியம் என்பதால் வெல்டிங் அதில் ஒட்டாது. இரும்புத் துண்டில்தான் பிடிக்கும். அந்தச் சூட்டில் துருவின் பிடியும் விட்டுப்போகும்.

முதல் தடவை நட்டு மட்டும் பிய்த்துக்கொண்டு வந்தது. மகன் முகம் வாடிப்போனது. "ஒரே தடவையில வந்துட்டா அப்புறம் ஃபிட்டர் எதுக்கு?" என்றார் அப்பா.

இரண்டாவது தடவை, நட்டின் சிவப்பு மறையும்வரை காத்திருக்கச் சொன்னார். ஸ்பேனரைப் பிடித்திருந்த மகனின் மணிக்கட்டின்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். நடுங்கும் கைதான். "இறுக்கு... போதும். இப்ப லூஸ் பண்ணு... நில்லு. திரும்ப இறுக்கு."

'கிரீச்' என்று ஒரு சத்தம். மகன் பயந்து நிறுத்தினான்.

"அது நல்ல சத்தம்டா. வருது."

கால் சுற்று, அரைச் சுற்று என்று நகர்ந்து, கடைசியில் அந்தத் துருத் துண்டு மகனின் உள்ளங்கையில் விழுந்தது. பட்டறைக்காரர் கூலியைப் பாதிதான் வாங்கிக்கொண்டார். "ஐயாகிட்ட வேலை கத்துக்கிட்டேனுங்க, அது போதும்."

எட்டு எம்.எம். டாப் விட்டு மரையைச் சுத்தம் செய்து, புது ஸ்டட் போட்டு, நட்டுகளுக்கு காப்பர் கிரீஸ் தடவி, நடுவிலிருந்து ஓரமாக இறுக்கி முடிக்கும்போது மாலை நாலு மணி. ஸ்டார்ட் செய்தார்கள். 'டிக் டிக்' இல்லை.

வழக்கமாக வீட்டிலிருந்து போன் வந்தால் அம்மாதான் பேசுவார். அப்பா கடைசியில் வாங்கி, "சாப்பிட்டயா?" என்பதோடு சரி. அடுத்த வாரம் அப்பாவே கூப்பிட்டார்.

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டி பாஸ் ஆயிருச்சு."

"சந்தோஷமுங்கப்பா."

"சைலன்சர் கிளாம்ப் போல்ட்டும் துருப்பிடிச்சுக் கிடக்குது. நீ எப்ப வர்றேன்னு சொல்லு. மொத நாளே எண்ணெய் விட்டு வைக்கறேன்."