வரிசை எண் 415

ஏப்ரல் 17, 2024, புதன்

பயிற்சியின் கடைசி நாள். டெல்லி ஆய்வு மையம் ஒன்றுக்காக எங்கள் துறை மாணவர்கள் தேர்தலுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்பு எடுக்கப் போகிறோம். சார் 1936 அமெரிக்கத் தேர்தல் கதையைச் சொன்னார். ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. திரும்பி வந்த 23 லட்சத்துச் சொச்சம் சீட்டுகளை எண்ணிப் பார்த்து, லாண்டன்தான் ஜெயிப்பார் என்று எழுதியது. 48 மாநிலங்களில் 46இல் ரூஸ்வெல்ட் ஜெயித்தார். முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்த காலத்தில் அந்தப் பட்டியலில் ஏழைக்கு ஏது இடம்? அப்படியே போய்ச் சேர்ந்தாலும், எழுதிப் போட மனசு வந்தவர்கள் மட்டும்தான் எழுதினார்கள்.

எங்கள் பூத்தில் 1,120 வாக்காளர்கள். வேண்டியது 20 பேர். 56 பேருக்கு ஒருவர். குலுக்கலில் முதல் எண் 23 வந்தது. அப்புறம் 79, 135, 191 என்று போகிறது. பட்டியலில் அந்த எண்ணில் யார் இருக்கிறாரோ அவரைத்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஆகாது.

ஏப்ரல் 20, சனி

செய்யாறு பக்கம் ஒரு கிராமம். ஏழரைக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. எல்லார் விரலிலும் நேற்று வைத்த மை. ஃபார்மைப் பார்த்ததுமே ஒரு அக்கா, “ஆயிரம் ரூபா உரிமைத் தொகைய நிறுத்திருவீங்களா?” என்று கேட்டார். எங்களுக்கும் அரசாங்கத்துக்கும் சம்பந்தமில்லை, உங்கள் பெயர் எங்கேயும் வெளியே வராது என்று நிதானமாகச் சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. அந்தப் பயத்தோடு பதில் வாங்கியிருந்தால் அது அவருடைய கருத்தாக இருந்திருக்காது.

டீக்கடையில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: “யாரு வராங்க?” எங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும், கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியும் ஜூன் 1 மாலைவரை இத்தகைய கணிப்புகளை வெளியிடச் சட்டம் விடாது. அதையும் சொன்னேன்.

415ஆம் எண்: பெண், வயது 67. வீடு பூட்டியிருந்தது. மல்லாட்டை பிடுங்கப் போயிருக்கிறார் என்றார்கள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்றும் ஆயா இல்லை. திண்ணையில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். “அவளுக்கு என்னா தெரியும்? நான் சொல்றேன், எழுதிக்க.” தாத்தா நல்ல மனிதர், எங்களுக்கு மோர் கொடுத்தார். “பட்டியல்ல ஆயா பேருதான் தாத்தா வந்திருக்கு, அவங்ககிட்டதான் கேக்கணும்” என்றேன். அவருக்கு வருத்தம்தான்.

வரும் வழியில் தோழி சொன்னாள்: “எதிர் வீட்டிலயும் அதே வயசுல ஒரு ஆயா இருக்காங்கடி. அவங்களக் கேட்டு முடிச்சிடலாம்.” கால் வலியில் சொன்னாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் சண்டை போட்டேன். பகலில் வீட்டில் இருக்கும் ஆயாவும் கழனியில் இருக்கும் ஆயாவும் ஒன்றல்ல. கையில் அகப்படுகிறவர்களை வைத்தே 20 ஃபார்மையும் நிரப்பினால், கூலிக்குப் போகிற ஊர் பாதி அதில் இருக்காது. இரவு இதை எழுதும்போதும் மனசு ஆறவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

16 பேரைப் பார்த்தாயிற்று. நான்கு ஃபார்ம் வெற்று. ஒருவர் இறந்துவிட்டார், இருவர் பெங்களூரில் கட்டட வேலை, ஒருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள். காரணத்தை எழுதி அப்படியே வைத்திருக்கிறேன்.

அந்தப் பதினாறில் கடைசியாகப் பார்த்தது 415ஐ. சாயங்காலம் ஆறரைக்கு, கையில் மண்ணோடு வந்தார். தாத்தாவைக் கொஞ்ச நேரம் டீக்கடைக்கு அனுப்பி வைத்தோம். கேள்வியில் ஒரு சொல்லைக் கூட மாற்றக் கூடாது. புரியவில்லை என்றால் திரும்ப வாசிக்கலாம், விளக்கக் கூடாது. இன்று அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. வெளிநாட்டு உறவு பற்றிய கேள்விக்கு, “அதெல்லாம் தெரியாது கண்ணு” என்றார். நான்கைந்து கேள்விகளுக்கு அதே பதில். ஒவ்வொன்றிலும் ‘தெரியாது’ கட்டத்தில் டிக் அடித்தேன். ஊரில் பெரிய பிரச்சினை எது என்றதும் குரல் மாறிவிட்டது. “தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வுடறான். அதுவும் நான் கழனில இருக்கும்போது.” அவர் சொன்னபடியே எழுதினேன்.

யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று வாயால் கேட்பதில்லை. சின்னங்கள் அச்சிட்ட மாதிரிச் சீட்டைக் கொடுத்து, டிக் அடித்துப் பெட்டியில் போடச் சொல்வோம். ஆயா சீட்டை வாங்கிக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

“அவரு வந்துட்டாரா?”

“இல்ல ஆயா.”

“நாப்பது வருசமா நான் எதுல போடறேன்னு அவருக்குத் தெரியாது.”

நாங்கள் திரும்பிக்கொண்டோம். சீட்டை நாலாக மடித்திருந்தார், பெட்டியின் வாய்க்குள் நுழையவில்லை. ஒரு மடிப்பை மட்டும் பிரித்து, மெதுவாக அழுத்தி உள்ளே தள்ளினார்.