பனிக் கண்டத்தில் ஓர் இருட்டறை

பூமியின் தென்கோடிக்கு ஒரு யாத்திரை போய் வரலாம், வருகிறீர்களா? கம்பளிச் சட்டைகளை ஒன்றுக்கு நாலாக எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழிக் குளிருக்குத் தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு சமாளிக்கிற நம் வித்தையெல்லாம் அங்கே பலிக்காது!

நியூஸிலாந்திலிருந்து கப்பல் ஏறித் தெற்கே, தெற்கே என்று போனால் ராஸ் தீவு வரும். 3,794 மீட்டர் உயரமுள்ள எரபஸ் எரிமலை, உடம்பெல்லாம் பனியைப் போர்த்திக்கொண்டு உச்சியில் புகை விட்டுக்கொண்டிருக்கும். அதன் அடிவாரத்தில், எவன்ஸ் முனை என்ற கரையில் ஒரு மர வீடு. தென் துருவத்தை அடையப் புறப்பட்ட காப்டன் ஸ்காட்டின் கோஷ்டியார் 1911 ஜனவரியில் கட்டியது. பூட்ஸை நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே வாருங்கள். ஒரே சமயத்தில் சிலரைத்தான் அனுமதிப்பார்கள்.

படுக்கைகள், உணவு டப்பாக்கள், சோதனைக் குழாய்கள் எல்லாம் இருக்கட்டும். நாம் பார்க்க வந்தது ஒரு சின்ன அறை. நீளம் 8 அடி, அகலம் 6 அடி. கோஷ்டியின் புகைப்படக்காரர் ஹெர்பர்ட் பாண்டிங் தம் கையாலேயே தச்சு வேலை செய்து அமைத்துக்கொண்ட இருட்டறை இது. வேலையும் இங்கேதான், தூக்கமும் இங்கேதான்.

படம் கழுவத் தண்ணீர் வேண்டுமே? நமக்கென்ன, குழாயைத் திருகினால் போதும். அங்கே தண்ணீர் கட்டி கட்டியாகத்தான் கிடைக்கும். அடுப்பில் வைத்து உருக்க வேண்டும். வெளியே இருந்த காமிராவைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தாலோ, லென்ஸ் முழுவதும் ஈரம் படிந்துவிடும். ஒரு தடவை பாண்டிங்கின் நாக்கு காமிராவின் உலோகத்தில் பட்டு அப்படியே ஒட்டிக்கொண்டது. தோலைக் கொடுத்துத்தான் நாக்கை மீட்டார்!

இத்தனை சிரமத்துக்கிடையே மற்றவர்களுக்கும் படம் எடுக்கவும் கழுவவும் சொல்லிக்கொடுத்தார். மாணவர்களில் ஸ்காட் ஒருவர், பௌவர்ஸ் ஒருவர், டெபன்ஹாம் என்ற மண்ணியல் நிபுணர் ஒருவர்.

1912 ஜனவரி 17-ஆம் தேதி ஸ்காட்டும் நான்கு தோழர்களும் துருவத்தை அடைந்தார்கள். அந்தோ! நார்வேக்காரர் அமுண்ட்ஸன் ஒரு மாதம் முன்பே வந்து கொடி நாட்டிவிட்டார். மறுநாள் ஐந்து பேரும் படம் எடுத்துக்கொண்டார்கள். எடுக்க ஆறாவது ஆள் ஏது? காமிராவில் ஒரு நூலைக் கட்டி, உட்கார்ந்த இடத்திலிருந்தே பௌவர்ஸ் இழுத்தார். திரும்பும் வழியில் ஐவரும் மாண்டுபோனார்கள்.

அந்த நவம்பரில் தேடிச் சென்றவர்கள் ஒரு கூடாரத்தில் மூவரின் உடல்களையும், அவற்றோடு பிலிம் சுருள்களையும் கண்டெடுத்தார்கள். பாண்டிங் அதற்கு வெகு முன்பே கப்பலேறி ஊர் போய்விட்டார். ஆனால் அவருடைய அறை இருந்தது, மாணவரும் இருந்தார். ஏழு மாதத்துக்கு மேல் பனியில் கிடந்த பிலிமை டெபன்ஹாம் இந்த அறையில் வைத்துக் கழுவினார். தம்மோடு சாப்பிட்டுச் சிரித்த நண்பர்களின் களைத்த முகங்கள் மெல்ல மெல்லத் தெரிந்தபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

கதை அதோடு முடியவில்லை. பின்னால் ஷாக்கில்டனின் கோஷ்டியைச் சேர்ந்த பத்துப் பேர், 1915-ல் கப்பலைப் புயல் அடித்துக்கொண்டு போனதால் இந்தக் கரையில் தவித்தார்கள். மூவர் இறந்தார்கள், மற்றவர்கள் 1917 ஜனவரியில்தான் மீட்கப்பட்டார்கள். அந்தக் கோஷ்டி எடுத்த 22 நெகடிவ்கள், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப்போய், இதே அறையில் ஒரு சிறு பெட்டியில் கிடந்தன. நியூஸிலாந்து நிபுணர்கள் அவற்றைப் பக்குவமாகப் பிரித்தெடுத்து, 2013-ல் உலகுக்குக் காட்டினார்கள்.

நாலு பலகைச் சுவர்தான். ஆனால் கட்டியவர் போன பிறகும், இல்லாதவர்களின் முகங்களை இரண்டு தடவை நமக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

துருவத்தில் எடுத்த அந்தப் படத்தை எங்காவது பார்த்தால், பௌவர்ஸின் கையைக் கவனியுங்கள். அவர் இழுக்கும் நூல் தெரியும்.