எண்டோஸ்கோப்பி அறையில் ஒரு காலை

மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இறங்கி, 20 ரூபாய் கொடுத்து ஷேர் ஆட்டோவில் கே.கே.நகர் போனேன். காலை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரி எதிரே டீக்கடையில் கூட்டம். குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் துணைக்கு வந்தவர்கள். பரிசோதனைக்கு வந்தவர்கள் வெறும் வயிற்றோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மேலூர்ப் பெரியவர் ஒருவர் மட்டும் "ஒரு டீதானப்பா" என்று குடித்துவிட்டார். உள்ளே நர்ஸ் விசாரித்ததும் அவர் முறை பிற்பகலுக்குப் போய்விட்டது. வயிற்றில் மிச்சமிருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும் என்பதால் இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

வரவேற்பறைப் பலகையில் கட்டணம் எழுதியிருந்தது: மேல்வயிற்று எண்டோஸ்கோப்பி 2,500 ரூபாய், மயக்க ஊசியோடு 4,000, கொலனோஸ்கோப்பி 6,500. எண்டோஸ்கோப்பி எங்கேயோ போய்விட்டது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கே போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். டாக்டரும் அன்றைய நோயாளிகளும் சம்மதித்ததால் பச்சை அங்கி மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

முதலில் ஐம்பது வயதுத் தாய் ஒருவர். நாலு மாதமாக மேல்வயிற்றில் எரிச்சல். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, இடப்பக்கமாகப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம் கொடுத்தார்கள். "அம்மா, மூக்கால மூச்சு விடுங்க. எச்சிலை முழுங்காதீங்க, வெளிய வடியட்டும்" என்று நர்ஸ் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். குழாய் சுண்டுவிரல் கனம்தான், நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். 1957-இல் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் கண்ணாடி இழைக் கருவியை முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். அந்தக் காலத்தில் மருத்துவர் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். இப்போது குழாயின் முனையிலேயே கேமரா சில்லு இருப்பதால் அறையிலிருந்த எல்லாருக்கும் திரையில் இரைப்பை தெரிந்தது: இளஞ்சிவப்பு மடிப்புகள், பளபளக்கும் சளி.

டாக்டர் ஒரு பொத்தானை அழுத்த, படம் நீலப் பச்சையாக மாறியது. வெள்ளை ஒளியில் 415, 540 நானோமீட்டர் அலைகளை மட்டும் விடும் முறை. ரத்தச் சிவப்பணு இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் மேற்பரப்பின் நுண்குழல்கள் பழுப்பாக எழும்பித் தெரிகின்றன. புற்று தொடங்கும் இடத்தில் இந்தக் கோலம் குலையும். இந்த அம்மாவுக்குக் குலையவில்லை. இரைப்பை முடியும் இடத்தில் இரண்டு சிவந்த புண்கள் மட்டும். சிறு கிடுக்கியால் துளி சதை எடுத்து, மஞ்சள் ஜெல் உள்ள சிறு குப்பியில் போட்டார்கள். அரை மணிக்குள் அது இளஞ்சிவப்பானது. ஹெலிகோபேக்டர் கிருமி இருக்கிறது என்று பொருள். இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்கும் வயிற்றுப்புண்ணில் அதன் பங்கைக் காட்டியதற்கும் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு. காரத்தைக் குறை, கவலையைக் குறை என்று நாலு மாதம் அறிவுரை கேட்டவர் கையில் ஆன்டிபயாடிக் சீட்டு வந்தது.

அடுத்த அறையில் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி. முந்தைய இரவு இரண்டு லிட்டர் பேதி மருந்துக் கரைசல் குடித்துக் களைத்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், மயக்கத்தில். இங்கே திரையோடு ஒரு புதுப் பெட்டி இணைத்திருக்கிறார்கள். ஏஐ. குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதை, அதாவது பாலிப், தெரிந்தால் பச்சைக் கட்டம் போட்டுக் காட்டும். "இது எதையும் தப்ப விடாதுங்க" என்றார் அதைப் பழக்க வந்திருந்த இளைஞர். நான் திரையையே பார்த்தேன். பச்சைக் கட்டம் ஒரு நுரைக்குமிழி மேல் விழுந்தது. கழுவாமல் ஒட்டியிருந்த கசடு மேல் விழுந்தது. பெருங்குடல் தொடக்கத்தைக் குழாய் தொட்டதும் நர்ஸ் கடிகாரத்தை ஓடவிட்டார். அங்கிருந்து குழாயை வெளியே இழுக்கக் குறைந்தது ஆறு நிமிடமாவது எடுக்க வேண்டும் என்பது கணக்கு. டாக்டர் ஒவ்வொரு மடிப்பின் பின்னாலும் முனையை வளைத்து, தண்ணீர் பீய்ச்சி, உறிஞ்சி, திரும்பவும் பார்த்தார். ஒரு மடிப்பின் மறுபக்கம் தட்டையான பாலிப் ஒன்று எட்டிப்பார்த்தது. அதற்கப்புறம்தான் பச்சைக் கட்டமும் வந்தது. காட்டாத இடத்தை அந்தப் பெட்டி பார்க்காது. மருத்துவர் அவசரப்படாதபோது அது கூடுதல் கண், அவ்வளவே. சுருக்குக் கம்பியை மாட்டி, மின்சாரம் இல்லாமலேயே பாலிப்பை வெட்டி எடுத்தார். ஆறேழு மில்லிமீட்டர் இருக்கும். இந்த வகை பாலிப் பல வருடங்கள் கழித்துப் புற்றாக மாறக்கூடியது. ஆசிரியருக்கு அது இனி இல்லை. கடிகாரம் பதினொரு நிமிடம் காட்டியது.

பித்தநாளத்தை எக்ஸ்ரே துணையோடு சரிசெய்யும் இஆர்சிபி அறைக்குப் போகும்போது ஈய அங்கி மாட்டச் சொன்னார்கள். தோள் இறங்குகிற கனம். காமாலையில் கண் மஞ்சளாகிப்போன பெண், பித்தநாளத்தில் கல். இந்தக் குழாய் நேரே பார்க்காது, பக்கவாட்டில் பார்க்கும். பித்தநாளம் குடலில் திறக்கும் சிறு முனையைத் தேடிக் கம்பி செலுத்தி, அதன் வாயைக் கொஞ்சம் வெட்டி அகலப்படுத்தினார்கள். பலூன் ஊதி இழுத்ததும் கறுப்புப் பழுப்பில் கல் குடலுக்குள் விழுந்தது. பின்னாலேயே தேங்கியிருந்த பித்தநீர் வழிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 1974 வரை இதற்கு வயிற்றைத் திறப்பதுதான் வழி. அந்த ஆண்டுதான் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தனித்தனியாக இந்த வெட்டைப் பற்றி அறிவித்தார்கள். ஆபத்தில்லாத வேலையும் அல்ல. சிலருக்குக் கணையம் வீங்கிவிடும். அதைத் தடுக்கும் மாத்திரையை ஆசனவாய் வழியே வைத்திருந்ததை நர்ஸ் குறிப்பேட்டில் காட்டினார்.

மீட்பு வார்டில் சிவகங்கைப் பையன் ஒருவன். இரண்டு வருடமாகச் சோறு நெஞ்சிலேயே நிற்கும், ராத்திரி மேலே வரும். உணவுக்குழாயின் அடிவால்வு திறக்காத நோய். ஜப்பானின் ஹருஹிரோ இனோவே 2008-இல் மனிதர்களுக்குச் செய்யத் தொடங்கிய 'போயம்' முறையில், உட்தோலுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் போட்டு இறுகிய தசையை வெட்டியிருந்தார்கள். வெளியே தழும்பே இல்லை. அவன் கஞ்சி குடித்ததை அவன் அம்மா ஒவ்வொரு மடக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாகக் கழுவும் அறையைப் பார்க்க வேண்டும் என்றேன். "அங்க என்ன சார் இருக்கு, எல்லாம் மெஷின் பாத்துக்கும்" என்றார் நிர்வாகி. நான் விடவில்லை. அங்கே மெஷினுக்கு முந்தைய வேலைதான் பெரிதாக இருந்தது. குழாய்க்குள் காற்றடைத்துத் தண்ணீரில் முக்கி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். என்சைம் கரைசலில் ஊறவைத்து, நீண்ட பிரஷை உள்துளை வழியே விட்டு, மறுமுனையில் சுத்தமாக வரும்வரை இழுக்கிறார்கள். அப்புறம்தான் மெஷின், கிருமிநாசினி, ஆல்கஹால், காற்றடித்து உலர்த்தல். இஆர்சிபி குழாயின் நுனியில் கம்பியை நிமிர்த்தும் சிறு நெம்புகோல் ஒன்று உண்டு. அதன் அடியில் தங்கிய கிருமிகள் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு நோயாளி பரவியது 2015-இல் பெரிய விவகாரமானது. அதற்கப்புறம்தான் நுனி மூடியைக் கழற்றி எறியும் கருவிகள் வந்தன. இங்கே இருந்தது பழைய வகை. அந்த நெம்புகோலை மேலே தூக்கி, கீழே இறக்கி, சிறு பிரஷால் கழுவும் வேலையிலிருந்த பெண் தேய்த்தது மட்டுமே பத்து நிமிடத்துக்குக் குறையாது. முடிந்ததும் குழாயின் எண், நோயாளியின் எண், நேரம் மூன்றையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இந்தச் சுவரில் ஒரு கண்ணாடிச் சன்னல் வைத்தால் நோயாளிகளும் பார்க்கலாமே?" என்று கேட்டேன்.

"தாராளமா வைக்கச் சொல்லுங்க சார்" என்றார், கையுறையை மாற்றிக்கொண்டே. "பாத்தா அவுங்களே கேள்வி கேப்பாங்க. கேக்கட்டும்."