அம்மாவின் ஆர்மீனிய முக்காடு

அம்மா அந்த ஸ்கார்ஃபைக் கையில் வாங்கியதும் படத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தைப் பார்த்தாள். நான்கு பக்கமும் கட்டைவிரலால் நெருடிக்கொண்டே போனாள். பிறகு திருப்பிப் பின்பக்கம். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை.

“கை மடிப்பு இல்ல, மெஷின்தான். ஆனா ஒழுங்கா அடிச்சிருக்கான். மூலையில மட்டும் ஒரு தையல் விட்டிருக்கு.”

வாங்கி வந்த சித்தி பொண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் யெரெவானில் டாக்டருக்குப் படிக்கிறாள். அங்கே நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். லீவுக்குத் தாம்பரம் வந்தவள், வெர்னிசாஜ் என்கிற திறந்தவெளிச் சந்தையில் பேரம் பேசி வாங்கியது என்று பெருமையாகக் கொடுத்தாள். “பெரியம்மா, அது அவங்களோட பழைய ஏட்டுல இருக்கிற படம். டிசைனப் பாருங்க!”

அம்மா பார்ப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன். ஆழ்ந்த நீலத் தரை. நடுவில் தூண்களோடு ஒரு வளைவு, அதன் உச்சியில் எதிரெதிராக இரண்டு மயில்கள். சுற்றிலும் மாதுளைகள். கரை முழுக்கப் பறவைகள். உற்றுப் பார்த்தால் அவை பறவைகள் இல்லை, எழுத்துகள். கழுத்தை வளைத்து நிற்கும் கொக்கு ஒரு எழுத்து. வாலைக் கொத்தும் பறவை இன்னொரு எழுத்து. ஆர்மீனியச் சுவடிகளில் பத்தியின் முதல் எழுத்தை இப்படிப் பறவையாக வளைத்து எழுதுவது ஒரு மரபு. ‘த்ரச்னகிர்’ என்பார்கள். பறவை எழுத்து.

அதற்குள் அம்மா ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தீப்பெட்டி எடுத்துக் கொளுத்தியிருந்தாள். பட்டாக இருந்தால் முடி கருகிய வாசனை வரும், தொட்டால் பொடியாகும். இது உருகி, கறுப்பாகக் கடுகு மாதிரி உருண்டுகொண்டது.

“பாலியெஸ்டர்” என்றாள். தீர்ப்பு முடிந்தது.

*

அம்மாவை அப்படிப் பழக்கியது மெப்ஸ். சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். 1984இல் தொடங்கிய ஏற்றுமதி வளாகம். அதற்குள் ஒரு கார்மென்ட் யூனிட்டில் அம்மா பதினேழு வருஷம் செக்கிங்கில் இருந்தாள். மேஜைக்கு மேல் ட்யூப்லைட், மேஜைமேல் பீஸ் கட்டுக்கட்டாக. கறை, ஓட்டை, விட்ட தையல், பிசிறு. தேறினால் இந்தப் பக்கம், தேறாவிட்டால் அந்தப் பக்கம். பக்கத்தில் ‘அப்ரூவ்டு சாம்பிள்’ என்று சீட்டு ஒட்டிய ஒரு பீஸ் தொங்கும். வெளிநாட்டு பையர் பார்த்து ஓகே சொன்ன பீஸ். மற்றதெல்லாம் அதன் நகல். நகல் மூலத்தைப் போல இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

ஒருநாள் சாயங்காலம் ஒரு பெண்ணை கேட்டில் நிறுத்திவிட்டார்கள். டிஃபன் பையில் கழித்துப் போட்ட ஸ்கார்ஃப் ஒன்று இருந்ததாம். எல்லோரும் பார்க்க அவளை நிற்க வைத்து, மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அன்றிலிருந்து அம்மா கேட்டுக்கு வரும் முன் நின்று, புடவையில் ஒட்டியிருக்கும் நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுத்தான் வெளியே வருவாள். “பிசிறுகூட அவங்களுது என் மேல இருக்கக் கூடாது.” வேலையை விட்டு வருஷங்களாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டு வாசலிலும் தட்டுகிறாள்.

அவள் பார்த்து அனுப்பிய ஸ்கார்ஃப்களுக்குக் கணக்கில்லை. ஒன்றைக்கூடக் கழுத்தில் போட்டதில்லை.

ஆகவே நான் எதிர்பார்த்தது, சித்தி பொண்ணு போனதும் அது பீரோவுக்குள் போய்விடும் என்று. எனக்கும் அதன்மேல் பெரிய மரியாதை வரவில்லை. வேதப் புத்தகத்தின் ஓவியத்தை எடுத்து பாலியெஸ்டரில் அச்சடித்து டூரிஸ்டுக்கு விற்பது என்ன பக்தி, என்ன கலை? திருக்குறள் போட்ட டி-ஷர்ட்டைப் பார்த்தால் வருகிற அதே சலிப்பு. அம்மாவின் கவலை வேறு. “எழுத்து இருக்கே. வசனமா? கால்ல கீல பட்டா?” கீழே கிடக்கும் பேப்பர் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள். சித்தி பொண்ணு சிரித்தாள். “வசனம் இல்ல பெரியம்மா. அவங்க அ ஆ இ ஈ. வரிசையா இருக்கு, அவ்ளோதான்.”

அம்மா அப்போதுதான் முதல் தடவையாகப் படத்தைப் பார்த்தாள்.

*

ஆர்மீனியர்கள் அ ஆ இ ஈயைத் துணியில் போட்டுக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏறக்குறைய 405இல் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்ற துறவி 36 எழுத்துகளை வகுத்துக் கொடுத்தார். முதல் பெரிய வேலை பைபிளை மொழிபெயர்த்தது. எழுத்தும் மதமும் ஒரே கையிலிருந்து வந்ததால், அங்கே எழுத்தே பாதிப் புனிதம். நாடு பெர்சியா, பைசாண்டியம், அரபு, துருக்கி, ரஷ்யா என்று கை மாறிக்கொண்டே இருந்தது. கையில் மிஞ்சியது புத்தகம். யெரெவானில் மாட்டெனதரான் என்கிற சுவடி நூலகம் மலைச்சரிவில் கோயில் மாதிரி நிற்கிறது. வாசலில் மாஷ்டோட்ஸ் சிலை.

போரில் புத்தகங்களும் கொள்ளை போகும். ஊர்க்காரர்கள் பணம் திரட்டி, கைதியை மீட்பது போல அவற்றை மீட்பார்கள். ‘சிறைப்பட்டிருந்த இந்த நற்செய்தி நூலை இன்னார் மீட்டார்’ என்று கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பார்கள். 1915இல் இனப்படுகொலை நடந்தபோது மூஷ் பகுதி மடம் ஒன்றில் 28 கிலோ எடையுள்ள சுவடி ஒன்று இருந்தது. தூக்க முடியாத அளவுக்குப் பெரிய புத்தகம். அதை இரண்டாகப் பிரித்து இரண்டு பெண்கள் கொண்டுபோனார்கள். ஒரு பாதி எச்மியாட்ஸின் போய்ச் சேர்ந்தது. இன்னொரு பாதியைக் கொண்டுபோனவள் வழியில் எர்ஸுரூமில் புதைத்தாள். பின்னர் அது தோண்டி எடுக்கப்பட்டது. இன்று இரண்டு பாதியும் மாட்டெனதரானில் ஒன்றாக இருக்கின்றன.

இதைப் படித்த பிறகு எனக்குச் சலிப்பு கொஞ்சம் குறைந்தது. தூக்கிக்கொண்டு ஓடித்தான் அந்த எழுத்து பிழைத்திருக்கிறது. தலையில் கட்டிக்கொள்கிற அளவுக்கு அது எடை குறைந்துவிட்டதில் அவர்களுக்கு ஒரு நிம்மதி இருக்கலாம்.

இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் புத்தகங்களுக்கு மரப்பலகையில் அட்டை போட்டு, மேலே தோல் போர்த்துவார்கள். அட்டையின் உட்பக்கம் மரம் தெரியாமல் இருக்கத் துணி ஒட்டுவார்கள். அப்படி ஒட்டிய துணிகளில் இந்தியாவிலிருந்து போன அச்சுப் பருத்தியும் உண்டு. அட்டையைத் திறந்தால் முதலில் நம் பக்கத்துத் துணி, அப்புறம்தான் வேதம்.

அம்மாவிடம் சொன்னேன். “லைனிங்னு சொல்லு” என்றாள்.

*

அந்தத் துணியை வாங்கத்தான் அவர்கள் நம் ஊருக்கும் வந்தார்கள். 1604-05இல் பெர்சிய மன்னர் ஷா அப்பாஸ், ஜுல்ஃபா என்ற ஊரிலிருந்த ஆர்மீனியர்களைப் பெயர்த்துக்கொண்டுபோய் இஸ்ஃபஹான் பக்கத்தில் குடியேற்றினார். அந்தப் புது ஜுல்ஃபாவிலிருந்து வணிகர்கள் உலகெங்கும் பரவினார்கள். 1688இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து துணி மணிலா வரைக்கும் போனது. துணிக்காகவே கம்பெனி 1734இல் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர்தான் சின்னத் தறிப் பேட்டை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டை.

அவர்களில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்றொரு பெரும் பணக்காரர். மணிலா வியாபாரத்தில் சம்பாதித்தவர். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலம் கட்டினார். மாம்பலம்தான் வெள்ளைக்காரன் வாயில் மர்மலாங் ஆனது. இன்று அங்கே மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. பரங்கிமலைக்குப் படிக்கட்டு போட்டவரும் அவர்தான். 1751இல் மெட்ராஸில் இறந்தார். உடல் வேப்பேரியில்; இதயத்தை மட்டும் எடுத்து ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள்.

தவக்காலத்தில் அம்மா ஒவ்வொரு வருஷமும் சிலுவைப்பாதை சொல்லிக்கொண்டு ஏறுகிற படி அது. நானும் சின்ன வயதிலிருந்து ஏறியிருக்கிறேன். யார் போட்டது என்று கேட்கத் தோன்றியதில்லை.

பாலமும் படியும் போக, அந்தப் பணம் அச்சுக்கூடமாகவும் ஆனது. வணிகர் ஷஹமீர் ஷஹமீரியான் 1772இல் மெட்ராஸில் ஆர்மீனிய அச்சகம் தொடங்கினார். நாடில்லாத மக்களுக்கு விடுதலையும் சட்டமும் பேசுகிற புத்தகங்கள் இங்கேதான் அச்சாயின. அப்புறம் ஷிராஸிலிருந்து வந்த பாதிரியார் ஹருத்யூன் ஷ்மவோனியான், இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர், 1794 அக்டோபரில் ‘அஸ்தரார்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை. 18 இதழ்கள் வந்து 1796இல் நின்றது.

துணி விற்ற காசில் எழுத்து அச்சானது. இப்போது அதே எழுத்து துணியில் அச்சாகித் தாம்பரத்துக்கு வந்திருக்கிறது. எனக்கு இது ஏதோ பாக்கி தீர்ந்த மாதிரி இருந்தது. அம்மாவிடம் சொன்னால், “யாருக்கு யார் பாக்கி?” என்பாள். சொல்லவில்லை. “அந்த சர்ச்சுக்குப் போலாமா?” என்று மட்டும் கேட்டேன்.

*

ஒரு சனிக்கிழமை தாம்பரத்திலிருந்து பீச் வண்டி பிடித்தோம். அம்மா ஸ்கார்ஃபை மடித்துப் பைக்குள் வைத்திருந்தாள். சர்ச் என்றால் முக்காடு வேண்டுமே. சித்தி பொண்ணும் சொல்லியிருந்தாள், அங்கே பெண்கள் கோயிலுக்குள் போகும்போது தலைக்கு ஒரு துணி போட்டுக்கொள்வார்கள் என்று.

ஆர்மீனியன் தெருவைச் சனங்கள் அரண்மனைக்காரன் தெரு என்கிறார்கள். ஆர்மீனியன் அரண்மனைக்காரன் ஆகிவிட்டான். ஆள் போனாலும் பேர் தமிழாக மாறி நின்றுகொண்டது. அந்த இரைச்சலுக்கு நடுவே கதவைத் தாண்டி உள்ளே போனால் சட்டென்று சத்தம் நின்றுபோகிறது. மரியன்னை கோயில். 1712இல் கட்டி, 1772இல் திரும்பக் கட்டியது. தனியே நிற்கும் கோபுரத்தில் ஆறு மணிகள். முற்றமெங்கும் கல்லறைகள், சுமார் 350 பேர். பூசைக்கு வர இங்கே ஆர்மீனியர்கள் இல்லை.

அம்மா கோயிலுக்குள் போய் முழந்தாளிட்டுவிட்டு வந்தாள். பிறகு கல்லறைகளுக்கு நடுவே நடந்தாள். ஷ்மவோனியான் இங்கேதான் கிடக்கிறார் என்றேன். “பத்திரிகைக்காரரா?” என்று கேட்டு, சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஒரு கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டாள். தலையிலிருந்து ஸ்கார்ஃபை எடுத்து விரித்தாள். குனிந்து கல்லைப் பார்க்கிறாள், துணியைப் பார்க்கிறாள். கல்லைப் பார்க்கிறாள். விரல், கல்லில் வெட்டிய ஓர் எழுத்தின் மேல் போய் நின்றது. பிறகு துணியின் கரையில் ஒரு கொக்கின் மேல்.

“இதுதானே இது?”

கொக்கின் கழுத்து, கால், வளைவு எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால், ஆமாம். அதே எழுத்து. அடுத்ததையும் கண்டுபிடித்தாள். அதற்கடுத்ததையும். எழுத்தின் பெயர் தெரியாது, சத்தம் தெரியாது. அரைமணி நேரத்தில் ஒன்பது எழுத்துகளைச் சேர்த்துவிட்டாள். நான் போனில் தேடித்தேடி இரண்டைத்தான் கண்டுபிடித்திருந்தேன்.

“கல்லுதான் அப்ரூவ்டு சாம்பிள்” என்றாள். “பரவால்ல. ஒழுங்காத்தான் போட்டிருக்கான்.”

வாசிக்கத் தெரியாத எழுத்தை ஒருவர் இவ்வளவு அக்கறையாகப் பார்த்து நான் கண்டதில்லை. இங்கே படுத்திருக்கிறவர்களின் பெயர்களை அவரவர் மொழியில் படிக்க ஆள் வருவது அபூர்வம். அன்றைக்கு வந்தவளுக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

திரும்பும்போது அம்மா ஸ்கார்ஃபைப் பைக்குள் வைக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்றுக்காகத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். பரங்கிமலை ஸ்டேஷன் வந்தபோது மலை இருக்கும் பக்கம் திரும்பி, “அவரு பேரு என்ன சொன்ன?” என்றாள்.

“பெட்ரஸ் உஸ்கான்.”

“பேதுரு” என்றாள். அந்த அளவில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

சானடோரியத்தில் ஷிஃப்ட் முடிந்த பெண்கள் கும்பலாக ஏறினார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் நின்றாள். சுடிதார் தோளில் வெள்ளை நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. அம்மா கையை நீட்டி அதைத் தட்டிவிட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, அம்மாவின் தலையில் இருந்த துணியைப் பார்த்தாள். ஓரத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

“எக்ஸ்போர்ட் பீஸாக்கா?”

“இல்லம்மா” என்றாள் அம்மா. “இம்போர்ட்.”