பாடாலூரில் இறங்கினால் கடல்!

கடல் பார்க்கணும்னா எங்கே போவீங்க? மெரினா, மாமல்லபுரம், கையில கொஞ்சம் காசு இருந்தா கோவா! நான் கடல் பார்க்கப் போன இடம்... பாடாலூர். திருச்சியிலிருந்து சென்னை ரோட்டில் போகும் பஸ்ஸில் ஏறி, பெரம்பலூர் வருவதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும். சிரிக்காதீங்க. தண்ணி மட்டும்தான் இல்லை. மற்றபடி கடல் அங்கேயேதான் இருக்கு!

முதலில் என்னைப் பத்தி ரெண்டு வரி. மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு. ப்ளஸ் டூ மார்க் வந்த அன்னிக்கு வீட்டில் கூடிய மாநாட்டில், என்னைத் தவிர எல்லோரும் பேசி எடுத்த முடிவு அது. அதே மாதிரி ஒரு மாநாடு பெரியம்மா வீட்டிலும் நடந்தது. ஆனால், அங்கே அக்கா ஒரே பிடியாக நின்று ஜியாலஜி எடுத்துவிட்டாள். ‘‘ஜோசியமா? நல்லதும்மா, வீட்லேர்ந்தே பார்க்கலாம்’’ என்று எதிர்வீட்டுப் பாட்டி ஆசீர்வாதம் பண்ணியதாகக் குடும்ப வரலாறு சொல்கிறது. அக்கா இப்போ எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. ‘‘எழுத மேட்டரே கிடைக்கலைன்னு புலம்பினியே... நாங்க ஃபீல்டுக்குப் போறோம், நீயும் வா’’ என்றாள். பேராசிரியரிடம் அனுமதியும் வாங்கிவிட்டாள்.

வேனில் இருந்த ஒவ்வொருவரிடமும் ஒரு சுத்தியல், கழுத்தில் கயிறு கட்டின சின்ன லென்ஸ், திசை காட்டும் காம்பஸ், சின்ன பாட்டிலில் நீர்த்த ஆசிட், ஒரு நோட்டு. என்னிடம் இருந்தது ஒரு செல்போனும் ரெண்டு சிப்ஸ் பாக்கெட்டும்.

ஊட்டத்தூரைத் தாண்டி, காரை கிராமத்துக்குப் பக்கத்தில் வேன் நின்றது. இறங்கினதும் எனக்குப் பேச்சே வரலை. மரம் இல்லை, நிழல் இல்லை. சாம்பலும் மஞ்சளுமாகக் களிமண் மேடுகள். நடுநடுவே மழைத்தண்ணி அறுத்துப் போட்ட ஓடைகள். எங்கே பார்த்தாலும் வெயிலில் பளபளன்னு சில்லு சில்லாக ஏதோ மின்னுது.

‘‘யாருக்கா இவ்ளோ பாட்டிலை உடைச்சுப் போட்டது?’’

அக்கா ஒரு சில்லை எடுத்து நகத்தால் கீறினாள். கோடு விழுந்தது. ‘‘கண்ணாடியை நகம் கீறுமாடா? இது ஜிப்சம்.’’

முதல் பாடம் ஓவர். அடுத்து, காலடியில் துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒரு கல். அதன் பெயர் பெலம்னைட். கணவாய் மீனுக்குச் சொந்தக்காரரான ஒரு பிராணியின் உடம்புக்குள் இருந்த கூடு. பெரம்பலூர் மாவட்டத்துக் கட்டாந்தரையில் கணவாய்க்கு என்ன வேலை?

பேராசிரியர் கதையை ஆரம்பித்தார். ஒரு காலத்தில் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் ஒட்டிக் கிடந்தன. அது உடைந்து பிரிந்தபோது இந்தியாவின் கிழக்கு ஓரம் தாழ்ந்து, கடல் உள்ளே வந்தது. சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி, நாங்கள் நின்ற இடம் கடலடிச் சேறு. 1840-களிலேயே இந்தப் பக்கம் கிடைத்த கடல் கிளிஞ்சல்கள் லண்டன் போய்விட்டன. எச்.எஃப்.பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் 1862-ல் இங்கே உள்ள பாறைகளை மூன்று அடுக்குகளாகப் பிரித்து ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று ஊர்ப் பெயர்களையே வைத்தார். இன்னிக்கும் உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் ஜியாலஜிக்காரரிடமும் ‘ஊட்டத்தூர்’ என்று சொல்லிப் பாருங்கள். கிரிட்டேஷியஸ் காலம் படித்தவராக இருந்தால் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். நம்ம ஊர் டவுன் பஸ் கண்டக்டருக்கு அடுத்தபடியாக அவர்தான்!

கதை முடிஞ்சு வேலை ஆரம்பம். சினிமாவில் வருகிற மாதிரி ஒரு கொத்து கொத்தினால் டைனோசர் எலும்பு வரும் என்று நினைத்துக்கொண்டு போனேன். இவர்கள் என்னடான்னா, ஒரே மேட்டை டேப் வைத்து கீழேயிருந்து மேலே வரை அளக்கிறார்கள். இந்த அடுக்கு இத்தனை சென்டிமீட்டர், நிறம் என்ன, மண் நைஸா நறநறவா, ஆசிட் விட்டால் நுரைக்குதா (நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கு), எந்தப் பக்கம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கு... எல்லாம் நோட்டில் ஏறுது. மூணு மணி நேரம். ஒரே மேடு. ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ‘‘தங்கமா?’’ என்றார். ‘‘இல்லீங்கய்யா, களிமண்ணு’’ என்றாள் அக்கா. அவர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கே... என் ஹாஸ்டல் வார்டன் தோத்தார்.

எனக்கு போர் அடித்தது. மெதுவாக நழுவி, ரெண்டு மூணு ஓடைகள் தாண்டிப் போனேன். அங்கேதான் அது கிடைத்தது. உள்ளங்கையில் அடங்குகிற சைஸ். ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்டு, வரி வரியாக... அம்மோனைட்! சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் பிராணி. 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி டைனோசர்கள் அழிந்த அதே சமயத்தில் அடியோடு காணாமல் போன இனம். சுற்றும் முற்றும் பார்த்தேன். ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

மதியம் ஒரு வேப்பமரத்தடியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பெருமை தாங்கலை. எடுத்து நீட்டினேன். பேராசிரியர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

‘‘அருமையா இருக்கே. எங்கே எடுத்தே தம்பி?’’

‘‘அங்கதான் சார்.’’

‘‘அங்கேன்னா? எந்த ஓடை? மண்ணுக்குள்ள பதிஞ்சு இருந்துதா, மேலேயிருந்து உருண்டு வந்து கிடந்துதா? எந்த அடுக்கு? சாம்பலா, மஞ்சளா?’’

என்னிடம் பதில் இல்லை. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கல்லைத் திருப்பி என் கையில் வைத்துவிட்டு, ‘‘சரி, சாப்பிடு’’ என்றார். அவ்வளவுதான்.

அக்காதான் விளக்கினாள். அம்மோனைட் இனங்கள் சீக்கிரம் சீக்கிரமாக மாறிக்கொண்டே வந்தவை. கடல் வழியாக உலகம் பூராவும் பரவினவை. அதனால் இங்கே ஒரு அடுக்கில் ஒரு இனம் இருந்து, ஐரோப்பாவில் ஒரு அடுக்கில் அதே இனம் இருந்தால், ரெண்டும் ஏறக்குறைய ஒரே காலம். அப்படி ஒப்பிடணும்னா, எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரிந்தே ஆகணும். அவர்களும் கல் எடுக்கிறார்கள்தான். ஆனால், முதலில் போட்டோ, பிறகு ஜி.பி.எஸ். குறிப்பு, அடுக்கு எண், அப்புறம்தான் பையில் போட்டு நம்பர் ஒட்டுவது. ‘‘நீ எடுத்துட்டு வந்தது விலாசம் கிழிஞ்சு போன லெட்டர்டா. உள்ளே எவ்ளோ எழுதியிருந்தாலும் யாருக்குன்னு தெரியாது.’’

விலாசம் எவ்வளவு முக்கியம்னு தெரிஞ்சுக்க ஒரு சம்பவம் போதும். 2020 அக்டோபரில், பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தில் ஒரு குளத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. ‘டைனோசர் முட்டை!’ என்று வாட்ஸ்-அப் தீப்பிடித்தது. உங்களுக்கும் வந்திருக்கும், ஃபார்வேர்டும் பண்ணியிருப்பீங்க. நிலவியலாளர்கள் பார்த்துவிட்டு, ‘முட்டை இல்லை, கடலடியில் படிவம் திரண்டு உருண்டையான கற்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். சில உருண்டைகளுக்குள் இருந்தது அம்மோனைட். அந்த அடுக்கு கடல் அடுக்கு என்று தெரிந்தவர்களுக்கு முதல் சந்தேகம் அங்கேயே வந்துவிடும். டைனோசர் நடுக்கடலில் வந்து முட்டை போடுமா என்ன?

அதற்காக இந்தப் பக்கம் டைனோசரே இல்லை என்று அர்த்தமில்லை. அரியலூர் பக்கம் கல்லமேட்டில் பிரமாண்டமான எலும்புகள் கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள் 1980-களின் இறுதியில் அதற்கு ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். கணுக்காலுக்கு மேலே உள்ள ஒரு எலும்பு மட்டுமே 2 மீட்டர்! உலகத்தின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம். ஏன் ‘இருக்கலாம்’? உதிரும் தன்மையுள்ள அந்த எலும்புகள் இன்றைக்கு இல்லை. நொறுங்கிப் போய்விட்டன. படங்களும் அளவுகளும்தான் மிச்சம். அதுவரை வெளிவராத பழைய புகைப்படங்களோடு 2022-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. கல்லமேட்டில் பொருள் போச்சு, குறிப்பு இருக்கு. அதனால் இன்னும் பேசுகிறார்கள். என் பாக்கெட்டில் பொருள் இருக்கு, குறிப்பு இல்லை.

புளியோதரை இறங்கவில்லை. ‘‘வாக்கா, வெச்ச இடத்துலேயே வெச்சுட்டு வந்துடலாம்’’ என்றேன். ரெண்டு பேரும் நடந்தோம். முதல் ஓடை, ரெண்டாவது ஓடை, நாலாவது ஓடை... எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. காலையில் நான் பார்த்தது கல்லை மட்டும்தான், இடத்தை இல்லை. ஒரு மணி நேரம் வெயிலில் அலைந்துவிட்டுத் திரும்பினோம். அக்கா ஒரு வார்த்தை சொல்லலை. பாதி பாட்டில் தண்ணியை எனக்குக் கொடுத்தாள்.

சாயங்காலம் சாத்தனூர். வேலி போட்ட ஒரு பூங்காவில், கல்லாகிப் போன ஒரு மரம் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டருக்கு மேல். ஏதோ ஆற்று வெள்ளம் அடித்துக் கொண்டுவந்து கடலில் சேர்த்த மரம். சேற்றில் புதைந்து, மரம் இருந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிலிக்கா ஏறிக் கல்லாகிவிட்டது. 1940-ல் இதைக் கண்டறிந்தவர் எம்.எஸ்.கிருஷ்ணன். பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனவர். மரத்தைத் தொட்டுப் பார்க்கக் கை நீண்டது. பாக்கெட்டில் இருந்தது ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அக்காவின் டிபார்ட்மென்டுக்கும் போனேன். காரையில் எடுத்த களிமண்ணைத் தண்ணியில் ஊறவைத்து, மெல்லிய சல்லடையில் கழுவி, மிச்சத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் காட்டினாள். கடுகைவிடச் சின்னதாக, குட்டிக் குட்டிச் சங்குகள். ஃபோரமினிஃபெரா என்ற ஒரு செல் உயிரிகளின் ஓடுகள். ஈரமான பிரஷ் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குகிறாள். அதுதான் அவளுடைய புராஜெக்ட். காவிரி டெல்டாவுக்கு அடியில் ஆழத்தில் இருப்பதும் இதே கடல் படிவங்கள்தான். எண்ணெய் தேடித் துளை போடுபவர்கள், எந்த ஆழத்தில் எந்தக் காலத்துப் பாறை என்று கண்டுபிடிப்பது இந்தக் குட்டிச் சங்குகளை வைத்துத்தான். நிலத்தடி நீர், சுரங்கம், யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு என்று வழிகள் இருக்கு. சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி என்று படிக்க இடங்களும் இருக்கு. எதிர்வீட்டுப் பாட்டிகள் கவனிக்க!

ஒண்ணு மட்டும் சொல்லணும். அரியலூர் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் போட்ட பிச்சைதான். அது சிமென்டாகி, நீங்க இதைப் படிக்கிற அறையின் சுவரிலேயே இருக்கலாம். சுரங்கம் வெட்டும்போது புது அடுக்குகள் வெளியே தெரிகின்றன. மாணவர்கள் அனுமதி வாங்கி அங்கேயும் போய்ப் படிக்கிறார்கள். வெட்டிப் போன அடுக்கு திரும்ப வராது என்பதால் அவசரமாகப் படிக்கிறார்கள். காரையில் சுரங்கமும் வேண்டாம். என்னை மாதிரி நூறு பேர், ஆளுக்கு ஒரு கல், ஒரு ஜீன்ஸ் பாக்கெட் போதும்.

கிளம்பும்போது அந்தக் கல்லைப் பேராசிரியரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஒரு சின்ன லேபிளை நீட்டினார். ‘‘நீயே எழுது’’ என்றார். பெயர், தேதி, இடம் என்று மூன்று கோடு. இடத்துக்கு நேரே ‘காரை’ என்று எழுதினேன். அடுக்கு என்று கீழே இன்னொரு கோடு இருந்தது. அங்கே ‘தெரியாது’ என்று எழுதிக் கொடுத்தேன். மாணவர்கள் தொட்டுப் பார்த்துப் பழகுகிற பெட்டியில் போட்டார்.

நீங்களும் பாடாலூரில் இறங்குங்க. தொப்பி, ரெண்டு பாட்டில் தண்ணி அவசியம். ஏதாவது கண்ணில் பட்டால், கிடக்கிற இடத்தோடு சேர்த்துப் போட்டோ எடுங்க, செல்போனிலேயே லொகேஷன் குறிச்சுக்குங்க, பக்கத்தில் ஜியாலஜி இருக்கிற கல்லூரிக்கு அனுப்புங்க. கல்லை மட்டும் அங்கேயே விட்டுட்டு வாங்க, ப்ளீஸ்!