வருசத்துக்கு அஞ்சு நாள் வேலை

எங்க அப்பா கையில இருக்கிறது ஒரு டைட்டன் குவார்ட்ஸ் வாட்ச். கல்யாணத்துக்கு அம்மா வீட்டுல போட்டது. மூணு மணி இடத்துல குட்டியா ஒரு தேதி ஜன்னல் இருக்கும்.

பொட்டி தட்டுறவன் கண்ணுக்கு இந்த குவார்ட்ஸ் ரொம்ப அழகான சங்கதி. உள்ள இருக்கிற படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிரும். அதை 15 தடவை பாதி பாதியா வகுத்தா நொடிக்கு ஒரு துடிப்பு. அதுல முள் ஒரு கட்டம் நகரும். அவ்வளவுதான் மேட்டர்.

ஆனா நொடியை இப்படி எண்ணுற வாட்ச்சுக்கு மாசம்னா என்னன்னே தெரியாது. அதுக்கு எல்லா மாசமும் 31 நாள்தான். அதனால மார்ச், மே, ஜூலை, அக்டோபர், டிசம்பர் ஒண்ணாந்தேதிகள்ல நாமதான் தேதியைத் திருத்தணும். வருசத்துக்கு அஞ்சு நாள் வேலை. அப்பா காலைல காலண்டர் தாளைக் கிழிச்ச கையோட சாவியை ஒரு படி இழுத்து மாத்திருவார். ஒரு தடவைகூட தவறினதில்ல.

போன மே மாசம் கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டி போயிருந்தேன். ராட்டினம், கூட்டம் எல்லாம் சுத்திட்டு வீட்டுக்கு வந்தப்ப மணி பத்தரை. அப்பா வாட்ச்சைக் கழட்டி வச்சிருந்தார். அன்னைக்குத் தேதி 9. வாட்ச்சுல 5.

"என்னப்பா தேதி தப்பா இருக்கு?"னு சாவில கை வச்சேன்.

"ஏப்பா, ராத்திரில மாத்தாத. பல்லு போயிரும். காலைல பாத்துக்கலாம்."

அவர் சொன்னது சரிதான். ஒன்பது மணி வாக்குலயே தேதியைத் தள்ளுற பல் வளையத்தைப் பிடிக்க ஆரம்பிச்சிரும். விடியக்காலை வரைக்கும் சாவியால வேகமா மாத்தினா பல் தேயலாம், உடையலாம். அவசரம்னா முள்ளைச் சுத்தி காலை ஆறு மணிக்குக் கொண்டுவந்துட்டு தேதியை மாத்தணும். சுத்துறப்ப தேதி எப்ப மாறுதோ அதுதான் நடுராத்திரி. இது தெரியாட்டி மத்தியானம் சாப்பிடுற நேரத்துல தேதி மாறும் :-)

வாட்ச்சை வச்சுட்டுப் படுத்தேன். தூக்கம் வரல. நாலு நாள் ஏன் பின்தங்குச்சு? பிப்ரவரிக்கு மூணு, ஏப்ரலுக்கு ஒண்ணு. அப்படின்னா மார்ச் ஒண்ணும் மாத்தல, மே ஒண்ணும் மாத்தல. மறக்கிற ஆள் இல்லையே இவரு?

காலைல வாட்ச்சை நீட்டி, "இப்ப என்ன தேதி காட்டுதுப்பா?"ன்னேன்.

கையைத் தூரமா வச்சார், பக்கத்துல வச்சார். அப்புறம் சிரிச்சுட்டே, "முள்ளு தெரியுதுப்பா, அது போதாதா?"ன்னார்.

வாராவாரம் போன்ல பேசுறேன். "நல்லா இருக்கேன்"னுதான் சொல்லுவார். வாட்ச் மட்டும்தான் உண்மையைச் சொல்லுச்சு.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனேன். கண்புரை. ஆபரேஷன் முடிஞ்சுது. அப்படியே வாட்ச்சுக்கும் புது பட்டன் செல், ரப்பர் வளையம். தீர்ந்த செல்லை உள்ளயே விட்டா கசிஞ்சு மெஷினைத் தின்னுரும். ஓடலைன்னு பீரோவுல போட்டு வச்சிருக்கிற வாட்ச்ல இருந்து முதல்ல செல்லைக் கழட்டிருங்க மக்களே.

ஜூலை ஒண்ணாந்தேதி காலைல ஆறரைக்கு போன்.

"ஏப்பா, 31 காட்டுச்சு. மாத்திட்டேன்."

வேற எதுவும் பேசல. வச்சுட்டார்.